ஒரு குரோஸுக்கு ஒன்றரை ரூபாய்

குரோஸ் என்றால் 144 பெட்டி. 1922-இல் வெள்ளைக்கார சர்க்கார் வெளிநாட்டிலிருந்து வரும் தீப்பெட்டிக்குக் குரோஸுக்கு ஒன்றரை ரூபாய் என்று சுங்கவரி விதித்தது. முந்தின வருஷம் அது பன்னிரண்டு அணா. யுத்தச் செலவில் கஜானா வற்றிக் கிடந்தது. பணம் வேண்டும், வரியை இரட்டிப்பாக்கினார்கள். சிவகாசியை மனத்தில் வைத்து யாரும் அதைச் செய்யவில்லை. டெல்லியில் அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்ட துரைக்குச் சிவகாசி என்று ஓர் ஊர் இருப்பதே தெரிந்திருக்காது. ஆனால் இன்று நாம் காணும் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி தீப்பெட்டித் தொழில் அந்த ஒன்றரை ரூபாயின் நிழலில் முளைத்ததுதான்.

வர்த்தகக் கதவைத் திறந்துவிட்டால் ஏழை நாட்டு ஜனங்களின் வாழ்வு உயருமா என்று ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. வாழ்வு என்றால் வருமானம் மட்டுமல்ல. படிப்பு, ஆயுள், ஆரோக்கியம் எல்லாம் சேர்ந்தது. ஐ.நா. 1990 முதல் இதற்கென்றே மனித மேம்பாட்டு அறிக்கை என்று வருஷா வருஷம் வெளியிடுகிறது. பெரிய படிப்பாளிகள் பெரிய பெரிய தேசங்களை வைத்து இதற்குப் பதில் சொல்கிறார்கள். நான் குமாஸ்தா. எனக்குத் தெரிந்த ஒரு ஜில்லாவை வைத்துத்தான் யோசிக்க முடியும்.

அந்த ஜில்லா எனக்குத் தெரிந்தது உத்தியோகத்தால். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். எப்படியோ மத்திய எக்சைஸ் இலாகாவில் வேலை கிடைத்து, எழுபதுகளின் கடைசியில் சிவகாசிக்கு மாற்றலாகி வந்தேன். சேர்ந்த அன்று ஹெட் கிளார்க் என் மேஜையில் ஒரு கட்டைப் போட்டு, "இதுதான் சார் பாண்ட்ரோல், எண்ணி வையுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாந்தெரோல் என்பது பிரெஞ்சுச் சொல். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஜூலை 14 விழாவுக்குக் கட்டுகிற நீளமான துணித் தோரணத்துக்கு அதுதான் பெயர். இங்கே அது தீப்பெட்டியின் மேல் ஒட்டுகிற காகிதப் பட்டை. தபால்தலை மாதிரி. சர்க்காருக்கு வரி கட்டியாகிவிட்டது என்பதற்கு அத்தாட்சி. அது இல்லாத பெட்டி கடையில் இருந்தால் பறிமுதல். சில லட்சம் தோரணங்களை எண்ணியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

சொல்ல வந்தது சரித்திரம். இந்தப் பக்கத்துக்கு வர்த்தகத் தளர்வு என்று முதலில் வந்தது கடல் வழியாக அல்ல, தரை வழியாக. கம்பெனி ஆட்சியில் உள்நாட்டிலேயே பல இடத்தில் சுங்கச்சாவடி இருந்தது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு மிளகாயோ பஞ்சோ போனால் வழியில் வரி. சென்னை மாகாணத்தில் இந்த உள்நாட்டுச் சுங்கத்தை 1844-இல் எடுத்தார்கள். வழிப்பறியும் மெல்லக் குறைந்தது. 1870-களில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. தெற்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து பனங்கருப்பட்டியும் உப்பும் கருவாடும் மாட்டு முதுகில் ஏற்றி வந்து விற்ற நாடார் வியாபாரிகள், சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஊர்களில் நிலையாகக் கால் ஊன்றினார்கள். வண்டியும் சரக்கும் இரவில் பத்திரமாக இருக்க மதில் வைத்துப் பேட்டை கட்டினார்கள். பேட்டைக்கு வரும் சரக்கில் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று ஒரு சிறு தொகை எடுத்து வைத்தார்கள். அதற்கு மகமை என்று பெயர். உறவின்முறை என்ற ஊர்ச்சபை அதை நிர்வகித்தது.

இந்த மகமைதான் என் கதையில் முக்கியமான ஆள். கிணறு, கோயில், பேட்டை என்று செலவான அந்தப் பணம் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889-இல் ஆரம்பமானது. வீட்டுக்கு வீடு அரிசி களையும்போது ஒரு பிடி எடுத்துத் தனியே வைத்து, அந்தப் பிடி அரிசியைச் சேர்த்து விற்ற பணமும் அந்தப் பள்ளிக்குப் போனது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கலாம் என்று திறந்து வைத்தார்கள். கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு சமூகம் பள்ளி வாசலைத் திறந்து வைத்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கோயில் தகராறுதான் 1899-இல் சிவகாசிக் கலவரமாக வெடித்தது. 1903-இல் பிறந்த காமராஜர் படித்தது அந்த வித்தியாசாலையில்தான். ஆறு வயதில் அப்பாவை இழந்தவர். படிப்பைப் பாதியில் விட்டு மாமா கடைக்குப் போனார். பிற்பாடு அவர் முதலமைச்சரானதும் செய்தது என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1956-இல் மதிய உணவு.

ஆக, சுங்கச்சாவடி போனது, வியாபாரம் வந்தது, வியாபாரத்திலிருந்து பள்ளி வந்தது. தாராள வர்த்தகக்காரர்கள் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டால் அவர்களுக்குச் சௌகரியம். பதினெட்டாம் நூற்றாண்டில் மோந்தெஸ்கியு என்ற பிரெஞ்சு அறிஞர் வியாபாரம் மனிதர்களின் முரட்டுத்தனத்தைக் குறைத்து மென்மையாக்கும் என்று எழுதினார். எங்கள் வாத்தியார் அதை உருகி உருகி நடத்துவார். ஆனால் பாருங்கள், சாவடியை எடுத்த மாத்திரத்தில் பள்ளிக்கூடம் வந்துவிடவில்லை. நடுவில் மகமை என்று ஒன்று இருந்தது. லாபத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துப் பொதுவுக்குச் செலவிட ஒரு கை இருந்தது. அந்தக் கை யாருடைய பிள்ளைகள் வரை நீண்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது 1922-க்கு வருவோம். அதுவரை இந்தியாவில் கொளுத்திய தீக்குச்சி பெரும்பாலும் ஸ்வீடன் சரக்கு, ஜப்பான் சரக்கு. வரி ஏறியதும் இங்கேயே செய்தால் கட்டும் என்ற நிலை வந்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு உறவினர்கள் கல்கத்தாவுக்குப் போய் வேலை கற்றுக்கொண்டு 1923-இல் திரும்பினார்கள். முதலில் ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வரவழைத்தார்கள். சீக்கிரமே புரிந்துகொண்டார்கள்: மழை பொய்த்த கரிசல் காட்டில் இயந்திரத்தைவிட மனிதக் கை மலிவு. குச்சிக்கு மரம் கேரளத்திலிருந்து வரும். மருந்து வெளியிலிருந்து வரும். கை மட்டும் உள்ளூர். உலர்ந்த வெயிலும் சேர்ந்துகொண்டது. குச்சியும் பெட்டியும் வாசலிலேயே காய்ந்துவிடும். லேபிள் அச்சடிக்க அச்சகம் வேண்டும் என்பதால் அச்சுத்தொழில் வந்தது. 1940-இல் வெடிமருந்துக்குப் புது விதிகள் வந்தன. யுத்தத்தால் வெளிநாட்டுப் பட்டாசு வரத்தும் நின்றது. பட்டாசுத் தொழில் ஊன்றியது அப்போதுதான். இதுவும் ஒருவகைச் சுவர்தான். ஹிட்லர் கட்டிக்கொடுத்த சுவர் என்று எங்கள் ஆபீஸில் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார்.

ஆனால் சுவர் கட்டினால் திருடன் சும்மா இருப்பானா, உள்ளேயே குடி வந்துவிட்டான். ஸ்வீடன் கம்பெனி அதே 1923-இல் விம்கோ என்ற பெயரில் இந்தியாவுக்குள் ஆலை வைத்தது. பம்பாய் பக்கம் அம்பர்நாத், வடக்கே பரேலி, நமக்குப் பக்கத்தில் திருவொற்றியூர் என்று பல இடங்களில் இயந்திர ஆலைகள். வரி கட்ட வேண்டியது வெளியிலிருந்து வரும் பெட்டிக்குத்தானே? அந்த ஸ்வீடன் வலையை ஆட்டுவித்தவர் ஐவர் குரூகர். உலகத் தீக்குச்சி ராஜா. கஜானா காலியான தேசங்களுக்குக் கடன் கொடுத்து, பதிலுக்குத் தீப்பெட்டி ஏகபோகத்தை எழுதி வாங்குவது அவர் வழக்கம். பிரான்ஸில் தீப்பெட்டி 1872 முதல் சர்க்கார் ஏகபோகம். அந்தப் பிரான்ஸுக்கே 1927-இல் 7.5 கோடி டாலர் கடன் கொடுத்தார். ஏகபோகத்தைத் தூக்கிக் கொடுக்கப் பிரெஞ்சு பார்லிமென்ட் சம்மதிக்கவில்லை என்பது வேறு விஷயம். 1932 மார்ச் 12-ஆம் தேதி பாரீஸில் தன் அறையில் இறந்து கிடந்தார், கையில் துப்பாக்கி. அப்புறம் பார்த்தால் கணக்கெல்லாம் புரட்டு. இப்பேர்ப்பட்ட ஆளோடுதான் சிவகாசி அண்ணாச்சிமார் போட்டி போட்டார்கள்.

அந்தப் போட்டியில் அவர்கள் பிழைத்ததற்கு இன்னொரு வரி காரணம். 1934-இல் தீப்பெட்டிக்கு உள்நாட்டு எக்சைஸ் வரி வந்தது. என் சோற்றுக்கு வழி செய்த வரி. சுதந்திரத்துக்குப் பிறகு அதில் படிகள் வைத்தார்கள். பெரிய இயந்திர ஆலைக்கு அதிக வரி, கைவேலைக்குக் குறைவு, குடிசைத் தொழில் அளவில் செய்தால் இன்னும் குறைவு. நல்ல எண்ணம்தான். ஒரு இயந்திரம் செய்வதை நூறு பேர் செய்தால் நூறு அடுப்பு எரியும். காந்தியவாதிகளும் திட்டக்குழுக்காரர்களும் ஒரே குரலில் பேசிய அபூர்வ விஷயங்களில் இது ஒன்று. பின்னால் சிறுதொழிலுக்கு மட்டும் ஒதுக்கிய பொருள் பட்டியலிலும் தீப்பெட்டியும் பட்டாசும் இடம்பெற்றன.

நடந்தது என்ன? வளர்ந்தால் வரி கூடும் என்றால் யார் வளர்வார்கள்? ஒரே வளாகத்தில் மூன்று பதிவு. ஒன்று முதலாளி பெயரில், ஒன்று சம்சாரம் பெயரில், ஒன்று மச்சினன் பெயரில். பாண்ட்ரோல் வாங்க மூன்று பெயருக்கும் ஒரே கணக்குப்பிள்ளை வருவார். எங்களுக்குத் தெரியும், அவருக்கும் எங்களுக்குத் தெரியும் என்று தெரியும். காகிதம் சரியாக இருந்தது. வளரக்கூடாத தொழில் கையை நம்பியே இருந்தது. கையில் மலிவான கை எது என்று தேடியது.

அந்த ஊரில் தொழிற்சாலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ். விடிய நாலு மணிக்கு ஆபீஸ் பஸ் கிராமத்துக்கு வரும். பத்து, பதினொன்று வயசுப் பெண் பிள்ளைகள் தூக்கக் கண்ணோடு தூக்குவாளியை வைத்துக்கொண்டு ஏறும். இருட்டிய பிறகுதான் திரும்பும். குச்சி அடுக்குவது அவர்கள் வேலை. மரச் சட்டத்தில் வரிசை வரிசையாகப் பள்ளம் இருக்கும். பள்ளத்துக்கு ஒரு குச்சி. சட்டம் நிறைந்ததும் மருந்தில் முக்கப் போகும். எத்தனை சட்டம் அடுக்கினாயோ அத்தனைக்குக் கூலி. அந்தச் சின்ன விரல்கள் ஓடுகிற வேகத்தை நான் நின்று பார்த்திருக்கிறேன். கண் குச்சியில் இருக்காது, எங்கேயோ இருக்கும்; கை மட்டும் ஓடும்.

நான் குடியிருந்த தெருவில் பால் ஊற்றுகிறவர் மகள் அப்படிப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு விடுமுறை நாளில், "ஏன் பாப்பா, பள்ளிக்கூடம் பிடிக்கலையா?" என்று கேட்டேன்.

"பிடிக்கும் சார். அப்பா முன்பணம் வாங்கிருக்காகள்ல? கழியணும்."

எவ்வளவு முன்பணம் என்றேன். எழுபத்தைந்து ரூபாய் என்றாள். அவளுக்கு வட்டிக் கணக்குத் தெரிந்திருந்தது, வாய்பாடு தெரியவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் கரிசலில் மானாவாரி வெள்ளாமையை நம்பி இருந்தவர்களுக்கு வருஷத்தில் நாலு மாசம்கூட வேலை கிடையாது. தீப்பெட்டி ஆபீஸ் வருஷம் பூராவும் வாரக்கூலி கொடுத்தது. மழை பொய்த்த வருஷம் ஊரைவிட்டுப் போகாமல் பலரைப் பிடித்து வைத்தது அதுதான். வாங்கிய கூலியைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஆபீஸை மூடச் சொன்னவர் எவரையும் நான் அந்தக் கிராமங்களில் சந்திக்கவில்லை.

எத்தனை பிள்ளைகள் வேலை செய்தன? எண்பதுகளில் 45,000 என்று ஒரு கணக்கு பத்திரிகைகளில் வந்து உலகமெல்லாம் சுற்றியது. முதலாளிகள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. உச்ச நீதிமன்றத்துக்கு வந்த விவரம் இது: 1985 டிசம்பர் 31 நிலவரப்படி, பதிவு பெற்ற தீப்பெட்டி ஆலைகள் 221, வேலையாட்கள் 27,338, அதில் குழந்தைகள் 2,941. நாற்பத்தைந்தாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம்! காகிதத்தோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: பதிவு பெற்ற ஆலையில், கணக்கெடுக்கும் தினத்தில், பேரேட்டில் இருந்த குழந்தைகள் 2,941. வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டிய பிள்ளையும், பதிவில்லாத கொட்டகையில் குச்சி அடுக்கிய பிள்ளையும் எந்தப் பேரேட்டிலும் வரமாட்டார்கள்.

இதில் மனத்தை உறுத்துவது இடம். ஜவுளிக்கடைக்காரர் மகனும் எண்ணெய் மண்டிக்காரர் மகனும் மகமைப் பள்ளிகளில் படித்து டாக்டராகவும் எஞ்சினீயராகவும் போனார்கள். 1985-இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பிறகு, பிளஸ் டூ தேர்ச்சியில் விருதுநகர் மாவட்டம் பல வருஷம் தொடர்ந்து மாநிலத்திலேயே முதலிடம். அதே மாவட்டம், அதே வருஷங்கள், அதே நாலு மணி பஸ். மதிய உணவு கொடுத்த மனிதர் பிறந்த ஊருக்குப் பதினைந்து மைலில் பிள்ளைகள் மத்தியானம் தூக்குவாளியைத் திறந்தது தீப்பெட்டி ஆபீஸ் கொட்டகையில். மகமையின் கை பஜார் வரைக்கும் நன்றாக நீண்டது. பஸ் போகிற கிராமம் வரைக்கும் அவ்வளவாக நீளவில்லை. 2018-இல் நிதி ஆயோக் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. பின்தங்கியவை என்பதற்கு மரியாதையான பெயர். தமிழ்நாட்டிலிருந்து இரண்டே இரண்டு மாவட்டங்கள்: ராமநாதபுரமும் விருதுநகரும். தேர்வில் முதலிடம் வந்த மாவட்டம் ஏன் அந்தப் பட்டியலில் என்று பலர் கோபப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை.

கவனியுங்கள், இந்த அறுபது எழுபது வருஷமும் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வெளிநாட்டுப் போட்டி கிட்டத்தட்ட இல்லை. நல்ல உயரமான சுவர். சுவர் தொழிலைக் கொடுத்தது, கூலியைக் கொடுத்தது. பிள்ளையை ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறக்கவில்லை.

சரி, சுவரை இடித்திருந்தால் இறங்கியிருப்பார்களா? வெளியில் நடந்ததைக் கொஞ்சம் பார்க்கலாம். வியட்நாம் தொண்ணூறுகளில் அரிசி ஏற்றுமதிக்கு இருந்த தடைகளைத் தளர்த்தியது. உள்நாட்டில் அரிசி விலை ஏறியது. விலை ஏறினால் வயலில் வேலை கூடும், பிள்ளைகளையும் இறக்குவார்கள் என்றுதானே நினைப்போம்? மாறாகக் குழந்தை உழைப்பு குறைந்தது என்று எட்மண்ட்ஸ், பாவ்ச்னிக் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டார்கள். காரணம், அங்கே கிராமத்துக் குடும்பங்களில் பெரும்பாலோர் தாங்களே நெல் விளைவிப்பவர்கள். கையில் காசு வந்ததும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அதே ஆய்வாளர்கள் தோபலோவா என்பவரோடு சேர்ந்து, 1991-க்குப் பிறகு இந்தியாவில் சுங்கவரி குறைத்ததையும் ஆராய்ந்தார்கள். நாடு முழுவதும் பள்ளி வருகை கூடியது உண்மை. ஆனால் எந்த மாவட்டத்துத் தொழில்கள் வரிச்சுவரை அதிகமாக இழந்தனவோ, அந்த மாவட்டங்களில் அந்த உயர்வு மந்தமாக இருந்தது. வருமானம் தட்டிய குடும்பம் நோட்டுப் புஸ்தகச் செலவைத்தான் முதலில் குறைக்கும்.

வியட்நாம்காரன் கையில் நெல் இருந்தது. நம் கரிசல்காட்டுக் கூலிக் குடும்பத்தின் கையில் விற்க என்ன இருந்தது? விரல்தான். விலை ஏறினால் இன்னும் நாலு விரலுக்கு வேலை வரும். இறங்கினால் கஞ்சிக்கே நாலு விரல் கூடுதலாக வேண்டியிருக்கும்.

எங்கள் புதுச்சேரியும் இதற்குச் சாட்சி சொல்லும். புதுச்சேரியில் நெய்து நீலச்சாயம் தோய்த்த கினே துணி கப்பலேறி ஆப்பிரிக்காவில் செனகல் வரை போயிற்று. உலகத்துக்குத் திறந்த துறைமுகம். அந்த வர்த்தகத்தில் வளர்ந்த பஞ்சாலைகளில் தொழிலாளர் நாளெல்லாம் உழைத்தார்கள். எட்டு மணி நேர வேலை கேட்டவர்கள் மேல் 1936 ஜூலை 30-இல் துப்பாக்கிச் சூடு. பன்னிரண்டு பேர் செத்தார்கள். மறு வருஷம்தான் எட்டு மணி நேரச் சட்டம் வந்தது. கப்பல் அதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

சிவகாசிப் பிள்ளைகள் இறங்கியது பல கைகள் சேர்ந்து இழுத்ததால். 1982-இல் சத்துணவுத் திட்டம் விரிந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தொடர்ந்து சிறப்புப் பள்ளிகள் வந்தன. 1991-இல் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பெரிய விபத்து. பல உயிர்கள் போயின. உச்ச நீதிமன்றம் தானாகவே அதைக் கையில் எடுத்தது. எம்.சி. மேத்தா ஏற்கெனவே போட்டிருந்த வழக்கில் 1996 டிசம்பர் 10-இல் வந்தது தீர்ப்பு: ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும், அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கார் 5,000 ரூபாய் போட வேண்டும். வயசு கேட்காமல் ஆள் எடுத்த கணக்குப்பிள்ளைகள் ரேஷன் கார்டு கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். என் அபிப்பிராயத்தில் சட்டத்தைவிட அந்த இருபதாயிரம்தான் முதலாளிக்குச் சட்டென்று புரிந்த பாஷை.

ஒரு விஷயம் இங்கே வேடிக்கை. வெளிநாட்டுக்காரர்கள் குழந்தை உழைப்பை எதிர்த்துப் பொருளை வாங்கமாட்டோம் என்று மிரட்டினால் நிலைமை மாறும் என்று ஒரு கட்சி உண்டு. கம்பள நெசவில் அப்படிக் கொஞ்சம் நடந்தது. ஆனால் சிவகாசிப் பட்டாசைக் கொளுத்துவது யார்? நாம். தீக்குச்சியைக் கிழிப்பது யார்? பெரும்பாலும் நாம். அமெரிக்கா மிரட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. வழக்குப் போட்டதும் தீர்ப்புச் சொன்னதும் பள்ளி நடத்தியதும் உள்ளூர்க் கைகள்தான்.

பட்டாசைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். ஒன்று மட்டும். கந்தகத்தோடு குளோரேட் கலந்த வெடியை 1992-இல் மத்திய அரசு தடை செய்தது. உராய்ந்தாலே வெடிக்கிற கலவை அது. தொழிலாளியின் உயிருக்காகப் போட்ட விதி. பிற்பாடு சீனப் பட்டாசு கள்ளத்தனமாக வந்தபோது, அதில் குளோரேட் இருக்கிறது என்று இதே விதியைக் காட்டித்தான் சிவகாசி முறையிட்டது. உயிர்காக்கப் போட்ட வேலி வியாபார வேலியாகவும் ஆயிற்று. அதில் தப்பில்லை. ஆனால் இத்தனை வேலிக்குள்ளும் உள்குத்தகைக்கு விட்டு, ஒரு அறையில் நாலு பேருக்குப் பதில் பத்துப் பேரை உட்காரவைத்து நடக்கும் விபத்துகள் நின்றபாடில்லை. தீபாவளி நெருங்கும் மாசங்களில் பேப்பரைப் பிரிக்கவே பயமாக இருக்கிறது.

தீப்பெட்டிக்கு வருவோம். உள்ளே இருந்த சுவர்கள் ஒவ்வொன்றாகச் சரிந்துவிட்டன. 2015 ஏப்ரலில் சிறுதொழில் ஒதுக்கீட்டுப் பட்டியலில் மிச்சமிருந்த கடைசி இருபது பொருள்களையும் எடுத்துவிட்டார்கள். ஊறுகாய், மெழுகுவத்தி, ஊதுவத்தியோடு தீப்பெட்டியும் பட்டாசும் போயின. ஜி.எஸ்.டி. வந்தபோது கைவேலைக்கு 5 சதம், இயந்திரத்துக்கு 18 சதம் என்று வைத்திருந்தார்கள். 2020-இல் இரண்டுக்கும் 12 என்று ஆக்கிவிட்டார்கள். என் காலத்துப் படிவரியின் கடைசிப் படியும் போயிற்று. அதற்கு வருஷங்களுக்கு முன்பே, 2005-இல், விம்கோ ஸ்வீடன் கையைவிட்டு ஐ.டி.சி. கைக்குப் போய்விட்டது. ஒரு ரூபாய்த் தீப்பெட்டி பதினாலு வருஷம் ஒரு ரூபாயாகவே இருந்து, 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆயிற்று. பதினாலு வருஷம் விலை ஏறாத பண்டம் வேறு ஏதாவது உங்களுக்குத் தெரியுமா? அந்த மலிவை யாருடைய கூலி தாங்கியது என்று கேட்டால், இன்று அந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அன்றைய நாலு மணி பஸ் பிள்ளைகளில் பலர் அவர்களில் இருப்பார்கள்.

வெளிச்சுவரோ, திரும்ப எழும்பியிருக்கிறது. பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் லைட்டர் வந்து பெட்டிக்கடையெல்லாம் தொங்க ஆரம்பித்தது. ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டிக்குச் சமம் என்பது தொழில்காரர்கள் கணக்கு. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டு முதல்வர் டெல்லிக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில், இருபது ரூபாய்க்குக் குறைவான லைட்டரை இறக்குமதி செய்யக்கூடாது என்று அறிவிப்பு வந்தது. உடனே உதிரி பாகமாகக் கொண்டுவந்து இங்கே பூட்ட ஆரம்பித்தார்கள். குரூகரின் ஸ்வீடன்காரர்கள் 1923-இல் செய்த அதே காரியம்! 2024 அக்டோபரில் உதிரி பாகத்துக்கும் தடை வந்தது.

பாஸ்தியா என்ற பிரெஞ்சுக்காரர் 1845-இல் ஒரு கேலி மனு எழுதினார். மெழுகுவத்தி செய்கிறவர்கள் பார்லிமென்டுக்குக் கொடுக்கும் மனு அது. வெளியூர்ப் போட்டியாளன் ஒருவன் வெளிச்சத்தை அநியாயமாக இலவசத்துக்குக் கொட்டுகிறான், எல்லா ஜன்னல்களையும் மூட உத்தரவு போடுங்கள் என்று கேட்பார்கள். அந்தப் போட்டியாளன் சூரியன். பிரெஞ்சுத் தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். லைட்டர் தடை வந்தபோது அந்த மனு ஞாபகம் வந்தது. என்ன செய்வது, பாஸ்தியா சாத்தூர் பக்கம் வந்ததில்லை. ஜன்னலை மூடினால் மெழுகுவத்திக்காரன் மட்டும் பிழைப்பான் என்பது அவர் கேலி. இங்கே ஜன்னலைத் திறந்தால் அன்றைக்கே அடுப்பு அணைகிற வீடுகள் இருக்கின்றன. அவகாசம் வேண்டும் என்று கேட்பது நியாயம் என்றே நினைக்கிறேன். அந்த அவகாசத்தில் என்ன செய்தோம் என்று 1922-லிருந்து கணக்குக் கேட்பதும் நியாயம்.

போன வருஷம் பழைய பழக்கத்தில் ஒரு அண்ணாச்சியிடம் போனில் பேசினேன். அப்பா காலத்து ஆபீஸை நடத்துகிறவர். அன்று என் மேஜைக்கு எதிரே பாண்ட்ரோலுக்கு நின்ற கணக்குப்பிள்ளையின் முதலாளி மகன். லைட்டர் தடையால் வியாபாரம் எப்படி என்றேன்.

"ஆர்டர் கூடியிருக்கு சார். ஆனா குச்சி அடுக்க ஆள் இல்ல. பொம்பளையாளுக எல்லாம் நூறு நாள் வேலைக்கும் மில்லுக்கும் போயிருதாக. அவுக பிள்ளைகளைக் கேக்கவே வேண்டாம், நர்சிங், பி.காம்னு பஸ் ஏறிப் போயிருதுக. மெஷினுக்குச் சொல்லியிருக்கேன்."

மெஷின் வந்தால் இப்போது இருக்கும் ஆட்கள்?

"பாதிக்கு மேல நிப்பாட்டணும். என்ன செய்ய, வரி ரெண்டுக்கும் ஒண்ணுதானே?" என்றார். நின்றுபோகிறவர்களில் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தார்.